சைரன் போடாமல் போன வண்டி

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, அமுக்கு. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, அமுக்கு. பாலக்கோடு தக்காளி மார்க்கெட் முன்னால், ஆம்புலன்ஸின் பின்பக்கத்தில், முழங்காலை நீட்ட இடமில்லாமல் உட்கார்ந்து அன்று காலை நான் இதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

கையில் அம்பு பேக். தேங்காய் அளவு ரப்பர் பை. அதன் ஒரு முனை ஆக்ஸிஜன் சிலிண்டரில் இருந்தது. மறுமுனை மாதேஷ் என்கிற முப்பத்தைந்து வயது தக்காளி விவசாயியின் வாய் வழியே மூச்சுக்குழலுக்குள் இறங்கியிருந்த குழாயில். நான் அமுக்கினால் அவர் நெஞ்சு ஏறும். விட்டால் இறங்கும். நான் தும்மினால் அவருக்கு மூச்சு தாமதமாகும். அப்படியொரு கூட்டுக்குடித்தனம்.

வண்டி நகரவில்லை. முன்னால் தக்காளிப் பெட்டி அடுக்கிய டிராக்டர்கள், மினி லாரிகள், ஒரு டவுன் பஸ். வெயிலில் நசுங்கிய தக்காளியின் புளித்த வாடை கதவிடுக்கு வழியாக உள்ளே வந்தது.

"பாய், சைரன் போட்டா வழி விடுவாங்க" என்றேன்.

டிரைவர் ஜபீர் பாய் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "எதுக்குயா? நமக்கு என்னா அவசரம்?"

நியாயமான கேள்வி. நாங்கள் மாதேஷைப் பிழைக்க வைக்கக் கொண்டுபோகவில்லை. சாவதற்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தோம்.

டீயும் குடித்திருக்கிறேன்

போன வாரம் இந்தத் தொடரில் நான் ஊசிக்குப் பயந்த போலீஸ்காரரைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, 'பிரதர், சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது' என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். அம்மா, இந்த வாரம் நீங்கள் கோலப் பக்கத்துக்குப் போய்விடுங்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஐசியூவில் டாக்டர் கையை விரித்ததும் குடும்பத்தில் மூத்தவர் ஒருவர் என்னை ஓரமாகக் கூப்பிடுவார். "சார், உசுரு இருக்கும்போதே வூட்டுக்குக் கொண்டுபோயிரலாங்களா?" வெளியில் செத்த உடம்பை வீட்டுக்குள் எடுக்க மாட்டார்கள். தெருவில் வைத்தே அழ வேண்டும். பிறந்த வீட்டு வாசலைத் தாண்டாமல் ஒருவன் போய்ச் சேர்வதை எந்தக் குடும்பம்தான் தாங்கும்? அதனால் மூச்சை மட்டும் வழி முழுக்கப் பிடித்து வைத்திருந்து, வீட்டில் கொண்டுபோய் விட ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள் நான்.

நான் ஆண் நர்ஸாக வேலை பார்த்த தனியார் ஆஸ்பத்திரியில் இந்த ட்யூட்டிக்குப் பெயரில்லை. "பிரதர், இன்னிக்கு நீங்க போயிட்டு வந்துருங்க" என்பார்கள். சிஸ்டர்களை அவ்வளவு தூரம் அனுப்ப முடியாது. மற்ற பையன்கள் அன்றைக்கு மட்டும் லீவு போடுவார்கள். நான் வாய்ச்சாலாக்குக்காரன், அழுகிற வீட்டில் சமாளித்துவிடுவேன் என்று ஒரு பெயர்.

போனதும் நடு வீட்டில் கட்டில் தயாராக இருக்கும். ஒவ்வொருவராக வந்து உதட்டில் பால் தொட்டு வைப்பார்கள். எல்லாரும் தொட்டு முடித்ததும் வீடே என்னைத் திரும்பிப் பார்க்கும். நான் முகத்திலிருக்கும் பிளாஸ்டரைப் பிரிப்பேன். குழாயை உருவுவேன். சற்று நின்று, கழுத்தில் நாடி பார்த்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து மணி சொல்வேன். அழுகை வெடிக்கும். நான் அம்பு பேக்கைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வருவேன். யாராவது ஒருவர், எந்தச் சாவிலும் தவறாமல், "சார், டீ குடிச்சிட்டுப் போங்க" என்பார்.

குடித்திருக்கிறேன். சர்க்கரை கம்மியாக இருந்தால் கேட்டும் வாங்கியிருக்கிறேன்.

பதற்றத்துக்கு ஒரு பட்டப்பெயர்

இவ்வளவு கல்நெஞ்சன் என்று என்னை நினைத்துவிடாதீர்கள். உண்மையில் ஐசியூவுக்குள் நுழையவே தகுதியில்லாத பயந்தாங்கொள்ளி நான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவருக்கு இதயம் நின்றுவிட்டது. டாக்டர், "ஷாக் மிஷின்! சீக்கிரம்!" என்று கத்தினார். நான் பறந்தேன். வராந்தாவில் இருந்ததைத் தள்ளிக்கொண்டு நெருப்புப் போல வந்தேன். வந்து சேர்ந்தது சாப்பாட்டு டிராலி. மேலே ஏழு தட்டு இட்லி. டாக்டர் இட்லியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அதற்குள் ஒரு சிஸ்டர் உண்மையான மிஷினோடு வந்துவிட, அந்த மனிதர் பிழைத்தும்விட்டார். அன்றிலிருந்து எனக்கு 'இட்லி பிரதர்' என்று பெயர்.

அலாரம் அடித்தால் என் இடது முழங்கால் தனியாக ஆடும். அதை மறைக்க ஜோக் அடிக்கப் பழகினேன். யார் கேட்கிறார்கள் என்று பார்ப்பதில்லை. நினைவில்லாத நோயாளிக்கு உடம்பு துடைக்கும்போதும் பேசிக்கொண்டே இருப்பேன். நர்சிங் ஸ்கூலில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். காது கடைசியில்தான் அடங்கும், பேசுங்கள், என்ன செய்யப் போகிறீர்கள் என்று சொல்லிவிட்டுச் செய்யுங்கள் என்று.

பேசினேன். ஆனால் அவர்களிடம் பேசவில்லை. என் முழங்காலிடம் பேசிக்கொண்டிருந்தேன்.

சொட்டு மருந்து

மாதேஷ் வந்தது மூன்று நாள் முன்பு. விடியக்காலையில் வயிற்றுவலி என்றாராம், வாந்தி எடுத்தாராம். கொஞ்ச நேரத்தில் இமை தூக்க முடியவில்லை, பேச்சுக் குழறியது. எங்களிடம் கொண்டுவந்து இறக்கும்போது மூச்சே இல்லை. குழாய் போட்டோம், வென்டிலேட்டரில் மாட்டினோம். தலையை ஸ்கேன் எடுத்தால் எல்லாம் சுத்தம்.

எங்கள் டாக்டர் இமையை விலக்கி டார்ச் அடித்துப் பார்த்தார். கண்மணி அசையவில்லை. கிள்ளிப் பார்த்தார். உடம்பு அசையவில்லை. மூளையின் அடிப்பகுதியில் அடைப்பு, ஆரம்பத்தில் ஸ்கேனில் தெரியாமலும் இருக்கும் என்றார். மூன்றாவது நாள், மூளை செயலிழந்துவிட்டது, இனி மிஷின்தான் மூச்சு விடுகிறது என்றார். அவர் தினமும் வந்து போவது ஒரு மணி நேரம். நானோ மூன்று நாளும் கூடவே இருந்தவன். புரட்டிப் போட்டு முதுகு துடைத்தவன்.

பார்வையாளர் நேரம் ஐந்து நிமிடம். அவர் மனைவி சத்யா முதல் நாளே என்னிடம் வந்தாள். ஒல்லியான பெண், பச்சை ஸ்வெட்டர், செருப்பைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"அண்ணா, நான் பேசுனா அவரு கண்ணுல தண்ணி வருதுங்ணா."

"அது நாங்க போடற சொட்டு மருந்தும்மா. கண்ணு காஞ்சிராம இருக்க."

அடுத்த நாள்: "அண்ணா, கால் வெரலு லேசா அசைஞ்சிச்சு. நான் பாத்தேன்."

நான் அப்போது இரண்டு அலாரங்களுக்கு நடுவில் இருந்தேன். முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது. "நரம்பு துடிக்கும்மா. கோழி அறுத்தா செத்த பொறவும் கொஞ்ச நேரம் துடிக்கும்ல, அந்த மாதிரி" என்றேன். பக்கத்திலிருந்த சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

இதைச் சொன்னது மாதேஷின் தலைமாட்டில் நின்றுகொண்டு.

சத்யா அதற்குப் பிறகு என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மாதேஷின் அண்ணன் முருகேசன்தான் வந்து கேட்டார். நல்ல மனிதர், அழுது அழுது குரல் போயிருந்தது. "வூட்டுக்குக் கொண்டுபோயிரலாங்களா சார்?"

ஏறிய எண்

இப்போது மறுபடி பாலக்கோடு மார்க்கெட்டுக்கு வாருங்கள். டிராக்டர் இன்னும் நகரவில்லை.

மாதேஷின் விரலில் நாடி காட்டும் கிளிப்பை மாட்டியிருந்தேன். என் காலடியில் இருந்த சின்ன மிஷின் எண்பத்து நாலு என்று காட்டியது. நல்ல எண். எனக்கு எதிரில் முருகேசன். அவர் பக்கத்தில், புருஷன் தலையில் கை வைத்தபடி சத்யா.

முருகேசனுக்கு ஊரிலிருந்து போன் வந்தது. இரைச்சலில் அவர் கத்திப் பேச வேண்டியிருந்தது.

"ஆங், கெளம்பியாச்சுடா. பாலக்கோட்டுல மாட்டிக்கிட்டோம். குழி எங்க வெட்டறீங்க? கெணத்து மேட்டுலயா? வேணாம், அங்க பாறை கெடக்குது. அப்பனுக்குப் பக்கத்துல வெட்டுங்க."

மிஷின் நூற்றுப் பதினெட்டு என்றது. பிறகு நூற்று முப்பத்தொன்று. பீப் பீப் என்று அவசரமாக அடிக்கத் தொடங்கியது.

முழங்கால் ஆரம்பித்துவிட்டது. சிலிண்டர் தீர்ந்துவிட்டதா? முள் பாதியில் நின்றது. குழாய் நழுவியதா? இல்லை. மிஷின் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி, கிளிப்பைக் கழற்றி என் விரலில் மாட்டிப் பார்த்தேன். நூற்று நாற்பத்திரண்டு. மிஷின் நன்றாகத்தான் வேலை செய்தது. வண்டியில் மோசமான நிலையில் இருந்த ஆள் நான்.

திரும்ப மாதேஷுக்கு மாட்டினேன். தொண்ணூற்றாறுக்கு இறங்கியிருந்தது. சத்யா அவர் காதருகே குனிந்து மெல்லப் பேசிக்கொண்டிருந்தாள். "பெரிய பாப்பா பரிச்சைக்குப் போயிருக்குது. பேனா எடுத்துக் குடுத்துதான் அனுப்புனேன். சின்னது எங்கம்மாகிட்ட இருக்குது. நீங்க ஒண்ணும் நெனைக்காதீங்க."

எண்பத்தொன்பது.

முருகேசனுக்கு மறுபடி போன். "மேளத்துக்குச் சொல்லியாச்சா? பெங்களூர்க்காரங்க பஸ் ஏறிட்டாங்களா?"

நூற்று இருபத்தாறு.

அமுக்கிக்கொண்டே அந்த எண்ணைப் பார்த்தேன். நான் கேட்டது எனக்கே வேறு யாரோ கேட்பது போலிருந்தது.

"ஏங்க, குழி எங்க வெட்டறாங்கன்னு இன்னொரு தடவ சொல்லுங்க."

முருகேசன் விழித்தார். "என்னாங்க சார்?"

"சத்தமா சொல்லுங்க."

"எங்கப்பா பக்கத்துலதான் சார்... எதுக்குக் கேக்கறீங்க?"

நூற்று முப்பத்து நாலு.

"இப்ப நீ பேசும்மா. பாப்பா பத்திப் பேசு."

சத்யா என்னைப் பார்த்தாள், மிஷினைப் பார்த்தாள். அவளுக்கு யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை. குனிந்தாள். இம்முறை அவள் குரல் நடுங்கியது. ஆனாலும் எண் இறங்கியது. நூற்றுப் பதினைந்து, நூற்று எட்டு, நூறு.

"யோவ் பிரதரு, என்னாயா நடக்குது அங்க?" என்றார் ஜபீர் பாய்.

நான் மாதேஷின் காதருகே போனேன். மூன்று நாளில் நூறு முறை அந்தக் காதருகே பேசியிருப்பேன். அவரிடம் பேசியது அதுதான் முதல் முறை.

"மாதேஷ், நான் பேசறது கேட்டா கால் கட்டைவிரல ஆட்டு."

காலைப் பார்த்தேன். போர்வைக்கு வெளியே, மண் ஏறிய நகத்தோடு அந்தக் கட்டைவிரல் சும்மா கிடந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"அந்தப் பைய அமுக்குய்யா!" என்று கத்தினார் ஜபீர் பாய்.

அமுக்க மறந்திருந்தேன். ஒருவன் உயிரோடு இருக்கிறானா என்று பார்க்கும் ஆர்வத்தில் அவனைக் கொல்லவிருந்தேன். வெறிபிடித்தவன் போல இரண்டு முறை அமுக்கினேன்.

அப்போது விரல் மடங்கியது. பெரிதாக இல்லை. எறும்பு கடித்தால் தூக்கத்தில் அசைப்போமே, அவ்வளவு. மடங்கி, நின்று, மறுபடி மடங்கியது.

சத்யா அழவில்லை. நிமிர்ந்து என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"கோழி துடிக்குதுங்களா, அண்ணா?"

ஒரு வீரச்செயல்

அதற்குப் பிறகு நான் எடுத்த நடவடிக்கைகளை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் எனக்கு ஒன்றுக்கு வந்தது. அடுத்து, இறங்கி ஓடிவிடலாமா என்று கதவைப் பார்த்தேன். மூன்றாவதாக, ஒரு கையால் அமுக்கிக்கொண்டு மறு கையால் டாக்டருக்குப் போன் போட்டேன்.

சொன்னேன். எண் ஏறுவது, இறங்குவது, விரல். மறுமுனையில் பெருமூச்சு கேட்டது.

"பிரதர், அவங்களே எழுதிக் குடுத்துட்டுக் கூட்டிட்டுப் போன கேஸ் அது. பெட்டுக்கு வேற ஆளு வந்தாச்சு. குடும்பத்துக்கு வீண் ஆச காட்டாதீங்க. போன வேலைய முடிச்சிட்டு வாங்க."

"சரிங்க சார்" என்றேன். பழக்கதோஷம். இத்தனை வருடங்களில் டாக்டரிடம் நான் வேறு வார்த்தை பேசியதில்லை.

முருகேசன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், அங்க ஊரே கூடிக் கெடக்குது. திரும்பிப் போயி வழியிலேயே உசுரு போயிருச்சுன்னா? எந்தம்பிய பொணமா தெருவுல போட்டு வெக்கறதுங்களா? நீங்கதான சார் சொன்னீங்க, அது வெறும் நரம்புன்னு?"

சொன்னேன்தான்.

பதில் சொன்னது சத்யா. "தெருவுலயே வெச்சு அழுதுக்கறேன் மாமா. நான் அழுதுக்கறேன். வண்டியத் திருப்பச் சொல்லுங்க."

"ஏம்மா, டாக்டருக்குத் தெரியாததா உனக்கு..."

"எனக்குத் தெரியும் மாமா. மூணு நாளாத் தெரியும்."

ஜபீர் பாய் சீட்டில் முழுக்கத் திரும்பி உட்கார்ந்தார். "யோவ், டாக்டர் என்னாதான்யா சொன்னாரு?"

எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"திருப்பச் சொன்னாரு" என்றேன். "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவச் சொன்னாரு."

என் வேலைக்காலம் முழுவதிலும் நான் செய்த ஒரே வீரச்செயல் இந்தப் பொய்தான். அதையும் குரல் உடைந்துதான் சொன்னேன்.

ஜபீர் பாய் சைரனைப் போட்டார். அவ்வளவு நேரம் அசையாத டிராக்டர்கள் அடித்துப்பிடித்து விலகின. வண்டி திரும்பும்போது ஒரு தக்காளிப் பெட்டி சரிந்து சக்கரத்தடியில் நசுங்கியது. யாரும் திட்டவில்லை. சைரன் போட்டால் நம் ஜனங்கள் அவ்வளவு மரியாதையானவர்கள். முன்பே போட்டிருந்தால் வழி விட்டிருப்பார்கள். சீக்கிரமாகவே ஊர் போய்ச் சேர்ந்திருப்போம். நடு வீட்டில் கட்டில் போட்டிருந்தார்கள்.

எங்கே படுத்தார்?

தர்மபுரி அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரியில் ட்யூட்டியில் இருந்தது சின்ன வயது டாக்டரம்மா. நான் மூச்சிரைக்க ஆங்கிலத்தில் பெரிய பெரிய நோய்ப் பெயர்களாகச் சொல்லிக்கொண்டே போனேன். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு சத்யாவிடம் கேட்டார்.

"முந்தின நாள் ராத்திரி எங்க படுத்தாரு?"

"காட்டுக் கொட்டாயில மேடம். தக்காளிக்குக் காவலு."

"கட்டில்லயா, தரையிலயா?"

"தரையிலதாங்க. சாக்கு விரிச்சு."

"காலைல எந்திரிச்சதும் வயித்து வலின்னாரா?"

"ஆமாங்க. வாந்தி. அப்பறம் கண்ணு சொருகிச்சு."

டாக்டரம்மா தலையாட்டினார். "கட்டுவிரியனாத்தான் இருக்கணும். அது கடிச்சா வலிக்காது, வீங்காது, பல் பட்ட எடம்கூடத் தெரியாது. தசையெல்லாம் கட்டிப்போட்டுரும். கண்மணிகூட அசையாது. மூளைக்கு ஒண்ணும் ஆவாது." கொஞ்சம் நிறுத்தினார். "உள்ள ஆளு முழிச்சிட்டுதான் இருக்காரு. எல்லாம் கேட்டுக்கிட்டு."

பிறகு என் பக்கம் திரும்பி, "மூணு நாளாங்க?" என்றார்.

எனக்கு அந்த நேரத்துக்கு ஒரு ஜோக் தேவைப்பட்டது. தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை.

எங்கே படுத்தார்? அவ்வளவுதான் கேள்வி. ஸ்கேன் எடுத்தோம், ரத்தம் எடுத்தோம், குழாய்க்கு மேல் குழாய் சொருகினோம். மூன்று நாளில் ஒருவர்கூட அந்தப் பெண்ணிடம் இதைக் கேட்கவில்லை. அவளாகப் பேச வந்தபோதெல்லாம் நான்தான் வாயை அடைத்தேன். பாம்பு அதிகமுள்ள இந்த மாவட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவன் நான். என் சொந்தச் சித்தப்பா கொட்டாயில் சாக்கு விரித்துப் படுப்பவர்.

விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். மறுபடி வென்டிலேட்டர். நாலைந்து நாளில் இமை திறந்தது. பிறகு கை. இரண்டு வாரம் ஆவதற்குள் குழாயை எடுத்துவிட்டார்கள். ஊரில் வெட்டிய குழியை வெறுமனே மூடக் கூடாதென்று வாழைத்தண்டைப் படுக்க வைத்து மூடினார்களாம். மேளக்காரர்கள் ஒரு பாட்டு வாசித்துவிட்டுப் போனார்களாம். முருகேசன் அதற்குப் பிறகு பல நாள் தம்பி முகத்தைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குள் வரவில்லை. வாசலிலேயே சாப்பாட்டைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவாராம்.

எனக்கு ஆஸ்பத்திரியில் மெமோ கொடுத்தார்கள். அனுமதியின்றி வண்டியைத் திருப்பியதற்கு விளக்கம் கேட்டு. எழுதிக் கொடுத்தேன். டாக்டர் அதைப் படிக்காமலே மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "எப்பிடியோ பொழச்சிட்டான்ல, விடுங்க பிரதர்" என்றார். அடுத்த வாரம் சனிக்கிழமை கம்பைநல்லூருக்கு ஒருவரை வீட்டில் விட வேண்டியிருந்தது. "நீங்க போயிட்டு வந்துருங்க" என்றார்கள்.

நான் அன்றைக்கு லீவு போட்டேன். வேறு ஒரு பையன் போனான். அவர் வீட்டாரிடம் எங்கே படுத்தார் என்று யாராவது கேட்டார்களா என்று நானும் கேட்கவில்லை.

மாதேஷ் கேட்டது

ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு ஒரு மத்தியானம் அவரைப் பார்க்கப் போனேன். நன்றி சொல்வார், 'அதெல்லாம் என் கடமை' என்று சொல்ல வேண்டும் என்று படிக்கட்டில் ஏறும்போது ஒத்திகைகூடப் பார்த்தேன். மனுஷனுக்கு வெட்கமே கிடையாது.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தொண்டை இன்னும் கரகரவென்றிருந்தது. நான், "எப்பிடிப்பா இருக்க?" என்றதும் அவர் முகம் மாறியது.

"ஓ, நீங்களா? கொரல் தெரியும். மூஞ்சி இப்பத்தான் பாக்கறேன்."

சத்யா ஸ்டூலைத் தள்ளிப் போட்டுவிட்டு, தண்ணீர் பிடித்துவரப் போய்விட்டாள்.

"கோழி கத சொன்னது..." என்று ஆரம்பித்தேன்.

"அது கெடக்கட்டும்ணா." கையை லேசாக ஆட்டினார். "ஒண்ணு கேக்கணும். வூடு போயி சேந்திருந்தா இந்தக் கொழாய யாரு புடுங்கறது? டாக்டரு வருவாரா?"

"இல்ல. நான்தான்."

"புடுங்கிட்டு?"

"நாடி பாப்பேன். மணி சொல்லுவேன்."

"ஒடனே போயிருமா?"

"அஞ்சு நிமிசம் ஆவும். சில பேருக்குக் கொஞ்சம் கூட."

அவர் முகத்தில் கோபமில்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"அண்ணா, எனக்கு முன்னாடி நீங்க கொண்டுபோயி வுட்டவங்க இருப்பாங்கல்ல?"

"ம்."

"அவங்கள்ல யாருக்காச்சும் கண்ணுல தண்ணி வந்திச்சா?"

"அது சொட்டு மருந்துப்பா, கண்ணு காஞ்சிராம..." என்று என் வாய் பாட்டுக்குச் சொல்லத் தொடங்கியது. பாதியில் நிறுத்தினேன்.

வெளியே வந்து என் பைக் பக்கத்தில் நின்றேன். சாவியைப் போடாமல் நின்றுகொண்டு, நான் வீட்டில் கொண்டுபோய் விட்டவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்க்க முயன்றேன். ஒரு பெயரும் வரவில்லை. ஐசியூவில் நாங்கள் பெயர் சொல்லிப் பேசுவதில்லை, பெட் நம்பர்தான். அதுதான் வந்தது. ஆறு, இரண்டு, மறுபடி இரண்டு, நாலு, ஒன்பது.

ஒன்பதாம் நம்பர் பெட்டில் இருந்தது ஒரு அம்மா. கடத்தூர்ப் பக்கம், ஓட்டு வீடு. எல்லாரும் பால் தொட்டு வைத்து முடித்ததும் அவர் மகள் என்னிடம், "சார், அம்மா அழுவறாங்க" என்றாள்.

பஞ்சு எடுத்து நான்தான் துடைத்தேன். துடைத்துவிட்டு, குழாயை உருவி, மணி பார்த்தேன்.